டயரை விட்டு வருகிறீர்களா? எழுத்தில் வாங்குங்கள்

ஒன்ராறியோவில் குளிர் விட்டதும் வின்டர் டயர்களைக் கழற்றும் வேலை தொடங்கிவிடும். 7 பாகை செல்சியசுக்குக் கீழேயும் இறுகிப்போகாத ரப்பர் அது. கோடைத் தெருவில் ஓடினால் வேகமாகத் தேயும். கழற்றிய நான்கையும் நவம்பர் வரை எங்கே வைப்பது என்பதுதான் ஸ்காபரோ, மார்க்கம் தொடர்மாடிகளில் இருக்கும் நம்மவர்களுக்குத் தலையிடி. பலர் மாற்றிய கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். "தெரிந்த ஆள்தானே" என்று துண்டுச்சீட்டுக்கூடக் கேட்பதில்லை. பிறகு டயர் மாறிப்போனாலோ காணாமற்போனாலோ, எதைக் கொடுத்தோம் என்பதற்கே சான்று இருக்காது.

டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளோடு ஓர் எண்வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 3522 என்றால், அந்த டயர் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு டயரிலும் இதைப் படமெடுங்கள். சில டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், திருப்பிப் பாருங்கள். டயரின் பெயர், அளவு, ரிம்மோடு கொடுத்தீர்களா, தடத்தின் ஆழம் எத்தனை மில்லிமீற்றர், கட்டணம், வைக்கப்போகும் இடம் எல்லாம் பற்றுச்சீட்டில் வரட்டும். ஆழத்தை எழுதச் சொல்லக் காரணம் உண்டு: 4 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயரைப் பனியில் ஓட்டக் கூடாது என்பது கனடியப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை. தேய்ந்த டயரை உங்களுடையது என்று யாரும் திருப்பித் தரக் கூடாது அல்லவா?

"களவுக்கும் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற பலகையைக் கண்டு பின்வாங்காதீர்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுக்கும் சேவை நியாயமான தரத்தில் இருந்தாக வேண்டும்; அந்தப் பொறுப்பை ஒப்பந்த வரியால் தட்டிக்கழிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு பொருளைப் பொறுப்பேற்றவர், அது தொலைந்தால், தாம் கவனமாகவே வைத்திருந்ததைக் காட்ட வேண்டியவர். முதலில் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கடைக்காரருக்கும் உரிமை உண்டு. கட்டணம் நிலுவையில் இருந்தால் டயரைத் தராமல் வைத்திருக்கலாம். 60 நாள் கடந்தபின், குறைந்தது 15 நாள் முன்னறிவித்தல் கொடுத்து விற்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே முகவரி மாறினால் கடைக்கும் சொல்லுங்கள்.

கொண்டோவின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காருக்கு முன்னால் அடுக்கிவைப்பவர்கள் கட்டட விதிகளைப் பார்க்க வேண்டும். பல கட்டடங்களில் அது தடை. கெடுபிடி என்று எண்ண வேண்டாம். 1990 பெப்ரவரியில் ஒன்ராறியோவின் ஹேகர்ஸ்வில்லில் டயர்க் குவியல் பற்றியபோது 17 நாள் எரிந்தது. டயரில் தீப்பிடித்தால் அணைப்பது அவ்வளவு கடினம். ஆனால் விதியில் இல்லாததைச் சொல்லி நிர்வாகம் அபராதம் கேட்டால், தரிப்பிட, களஞ்சியப் பிணக்குகளை 2020 ஒக்ரோபர் முதல் கொண்டோ தீர்ப்பாயம் விசாரிக்கிறது.

வீட்டில் வைப்பவர்கள் கழுவி, ஈரம் காயவைத்து, பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள். வெயில் படும் பல்கனி வேண்டாம். மின்மோட்டர், வீட்டுச் சூடேற்றியின் பக்கமும் வேண்டாம். மோட்டரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழவைக்கும். ரிம்மோடு இருப்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாததை நிமிர்த்தி வையுங்கள்.

நவம்பரில் கடைக்குப் போனால், டயரைக் காரில் பூட்டுவதற்கு முன்பே, விடும்போது எடுத்த படத்தோடு எண்களை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். பூட்டிய காரோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.