மறைவிடச் சுத்தம்: கழுவ வேண்டிய இடமும் கழுவக் கூடாத இடமும்



காய்ச்சல், இருமல், கை வெட்டுக்காயம் என்றால் உடனே தோட்ட மருந்தகத்துக்கு வந்துவிடும் நம் பெண்கள், கீழே ஏதாவது தொந்தரவு என்றால் மட்டும் வருவதில்லை. டிரெஸர் ஆம்பிளை ஆச்சே, அவர்கிட்ட எப்படிச் சொல்றது என்ற கூச்சம். கூச்சப்படுவதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தினால் வீட்டிலேயே செய்துகொள்ளும் கைவைத்தியம்தான் பல சமயங்களில் சின்னத் தொந்தரவைப் பெரிதாக்கிவிடுகிறது. டெட்டால் கலந்த தண்ணீர், உப்புத் தண்ணீர், சீனாக்காரம், வெற்றிலை அவித்த தண்ணீர், பசார் மாலாமில் விற்கும் வாசனைத் திரவம் இப்படி எல்லாவற்றையும் போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டு, எரிச்சல் தாங்க முடியாமல் கடைசியில்தான் வருகிறார்கள். ஆகவே இந்த முறை இதைப் பற்றியே எழுதுகிறேன். வீட்டு ஆண்களும் படிக்கலாம். படித்தால் நல்லது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே இருக்கும் பகுதி வேறு, உள்ளே கர்ப்பப்பை வரை போகும் பாதை வேறு. வெளிப்பகுதியில் வியர்வை, அழுக்கு, சிறுநீர் படும். அதை நாம்தான் கழுவ வேண்டும். உள்பாதையோ தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது.

அது எப்படித் தானாகச் சுத்தமாகும் என்று கேட்பீர்கள். தயிர் எப்படி உறைகிறது என்று நினைத்துப் பாருங்கள். பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றினால், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாலைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. லாக்டோபாசிலஸ் என்று அதே குடும்பத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் பெண்ணின் உள்பாதையில் குடியிருக்கின்றன. அவை ஒருவித அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் சுத்தத் தண்ணீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணின் உள்பாதையில் இது 3.8-லிருந்து 4.5 வரை இருக்கும். நாம் போடும் கட்டிச் சோப்பு பெரும்பாலும் 9, 10 என்று எதிர்ப்பக்கம் நிற்கும். சோப்பையோ டெட்டாலையோ உள்ளே விட்டுக் கழுவினால் நல்ல கிருமிகள் செத்துப்போகும், புளிப்பும் குறையும். காவல்காரனை அடித்து விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். அதோடு, தண்ணீரை உள்ளே பீச்சிக் கழுவும்போது கீழே இருக்கும் நோய்க்கிருமியை நாமே கர்ப்பப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏற்றி அனுப்பிவிட வாய்ப்புண்டு. கருக்குழாய் புண்ணாகி அடைத்துக்கொண்டால் பிள்ளைப் பேறே தடைபடலாம்.

தயிரும் அதே குடும்பம் என்று எழுதிவிட்டேனே என்று யாரும் தயிரை எடுத்து அங்கே தடவ வேண்டாம். தயிர் சாப்பிடுவதற்கு.

சரி, எப்படிக் கழுவுவது? குளிக்கும்போது நாளுக்கு ஒரு முறை, வேலைவிட்டு வந்து ஒரு முறை, வெளிப்பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் கையால் கழுவினால் போதும். சோப்பு போட்டால்தான் மனசு ஆறும் என்பவர்கள், வாசனை இல்லாத சோப்பைக் கொஞ்சமாக வெளியே மட்டும் போட்டு, நன்றாக அலசிவிட வேண்டும். நாரோ பிரஷோ போட்டுத் தேய்க்கக் கூடாது. கழுவுவது எப்போதும் முன்னாலிருந்து பின்னாலாக இருக்க வேண்டும். ஏனெனில் பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். மலவாயிலிருக்கும் கிருமி முன்னே வந்துவிட்டால் மூத்திரப்பைக்கு ஏற அதிக நேரம் பிடிக்காது. கழிவறையில் ரப்பர் பைப்பை வைத்துப் பின்னாலிருந்து முன்னே பீச்சும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை மாற்றிக்கொள்ளுங்கள். சின்னப் பெண்பிள்ளைகளுக்கும் கழுவக் கற்றுக்கொடுக்கும்போதே இப்படிக் கற்றுக்கொடுங்கள். கழுவிய பின் ஈரத்தை மெல்ல ஒற்றித் துடைக்க வேண்டும். பவுடர் வேண்டாம்.

இப்போது வேலைக்காட்டு விஷயத்துக்கு வருகிறேன். பட்டணத்துப் பத்திரிகைகள் இதை எழுதுவதில்லை.

களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்களே, உரம் போடும் பெண்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எல்லாரும் ஒன்றுக்குப் போன பிறகு கை கழுவுவார்கள். நீங்கள் போவதற்கு முன்பும் கழுவ வேண்டும், அதுவும் சோப்பு போட்டு. மருந்து பட்ட கையுறையோடோ கையோடோ உள்ளாடையை இறக்கினால், மருந்து நேரே அங்கே போய்ச் சேரும். உள்ளங்கைத் தோல் தடிப்பானது. மறைவிடத் தோல் மெல்லியது. மருந்தைச் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாராகுவாட் மருந்தை நம் அரசாங்கம் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது என்பது உண்மைதான். அதனால் மற்ற மருந்துகளெல்லாம் தண்ணீர் மாதிரி என்று ஆகிவிடாது. முதுகுப் பம்பு ஒழுகி இடுப்புக்குக் கீழே நனைந்தால், நிரை முடியட்டும் என்று அப்படியே நடக்காதீர்கள். உடனே கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மாற்றுத் துணி கட்டிக்கொள்ளுங்கள். பையில் ஒரு பழைய கைலி இருந்தால் போதும். ஒழுகுகிற பம்பை மறுநாளும் முதுகில் ஏற்ற வேண்டாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊற வைக்காமல் தனியாகத் துவையுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் உறைய வைக்கும் ஆசிட்டைக் கையாளுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

இன்னொரு கொடுமை, மூத்திரத்தை அடக்குவது. வெளிக்காட்டில் கக்கூஸ் இல்லை, ஆம்பிளைகள் நடமாட்டம், பாம்புப் பயம். ஆகவே காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், மத்தியானம் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்கிற பெண்கள் எத்தனையோ பேர். இந்த வெயிலில் இது வேண்டாத வேலை. சிறுநீர் வெளியேறும்போது கிருமியையும் அடித்துக்கொண்டு போகிறது. அடக்கினால் கிருமி உள்ளேயே பெருகும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதிய தண்ணீர் குடிக்கிறீர்கள். பால் போடாத தேத்தண்ணி நிறத்தில் போனால் போதவில்லை. கடுத்துக் கடுத்துச் சொட்டுச் சொட்டாகப் போனால் மருந்தகத்துக்கு வாருங்கள். அதோடு குளிர்காய்ச்சலும் விலாப் பக்கத்தில் வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் கடுப்பு கண்ட அன்றே வர வேண்டும், ஏனென்றால் இதனால் குறைமாதப் பிரசவம் ஆவதுண்டு.

வேலையிடத்தில் தொழிலாளரின் நலனுக்கு வேண்டிய வசதிகளைச் செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கை கழுவத் தண்ணீரும் சோப்பும், நாலு தகரம் வைத்து மறைத்த ஒரு கழிப்பிடமும் பெரிய கோரிக்கை அல்ல. தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆண்கள் இதை எடுத்துப் பேச மாட்டார்கள், அவர்களுக்கு மரத்தடி போதும். பெண்கள்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளைப்படுதல். எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது, உடம்பு கரைகிறது என்று நம் லயங்களில் ஒரு பேச்சு உண்டு. இது பொய். எலும்பு உருகுவதும் இல்லை, அந்த வழியாக வருவதும் இல்லை. நான் மேலே சொன்ன தானாகச் சுத்தமாகும் வேலையின் கழிவுதான் அது. தெளிவாகவோ, பால் நிறத்திலோ, நாற்றமும் அரிப்பும் இல்லாமல் வந்தால் அது நோயல்ல. மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும், கர்ப்பக் காலத்தில் கூடுதலாக வரும். உடம்பு அசதியாக இருந்தால் இரத்தச் சோகை இருக்கிறதா என்று பாருங்கள். பழியை வெள்ளைப்படுதல் மேல் போடாதீர்கள்.

எது நோய்? திரிந்த பால் போலக் கட்டிக் கட்டியாக வந்து அரிப்பெடுத்தால் பூஞ்சணம். சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால், நல்ல கிருமி குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று பொருள். இந்த வாடை வந்தவுடன்தான் பெண்கள் இன்னும் அதிகமாகச் சோப்பு போட்டுக் கழுவுகிறார்கள், வாடையும் இன்னும் அதிகமாகிறது. மஞ்சள், பச்சை நிறத்தில் நுரையோடு வந்தால் அது உடலுறவால் தொற்றும் கிருமியாக இருக்கலாம். கணவனும் சேர்ந்து மருந்து சாப்பிடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்து மிச்சமான மாத்திரையைப் போடாதீர்கள். வேறு நோய்க்குச் சாப்பிடும் கிருமிக்கொல்லி மாத்திரைகூட நல்ல கிருமியைக் கொன்று பூஞ்சணத்தைக் கிளப்பிவிடுவதுண்டு.

பூஞ்சண அரிப்பு அடிக்கடி வருகிறதா? இனிப்பு நீரைச் சோதித்துப் பாருங்கள். நம் நாட்டில் இந்தியரிடையே நீரிழிவு அதிகம். பல பெண்களுக்கு அதன் முதல் அடையாளமே இந்த அரிப்புதான். களிம்பு பூசிக்கொண்டே இருந்து சீனியைக் கவனிக்காமல் விட்டால் இரண்டும் தீராது.

மாதவிலக்கு நாட்களில் பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணி வைப்பவர்கள் சோப்பு போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அலமாரிக்குப் பின்னால் ஈரமாக ஒளித்து வைத்தால் அந்தத் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். கொடியில் போட வெட்கமாக இருந்தால் மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள்.

உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம், இரண்டு விலக்குக்கு நடுவே இரத்தம்: இவற்றை ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும். இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு எதிராக 2010-லிருந்து நம் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தாய்மார்கள் 30 வயதுக்கு மேல் சோதனை செய்துகொள்ள வேண்டும். பல அரசாங்கக் கிளினிக்குகளில் இப்போது பஞ்சுக்குச்சியைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் நீங்களே மாதிரி எடுத்துத் தரச் சொல்கிறார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை.

என்னிடம் சொல்லக் கூச்சமாக இருப்பவர்கள் பக்கத்திலிருக்கும் கிளினிக் டேசாவுக்குப் போங்கள். அங்கே மிஸ்ஸிகள் பெண்கள்தான். மலாய் சரியாகப் பேச வராது என்றால், எத்தனை நாளாக, என்ன நிறம், அரிப்பா, வாடையா, கடைசியாக விலக்கானது எந்தத் தேதி என்று ஒரு தாளில் உங்கள் மகளை எழுதித் தரச் சொல்லிக் கொண்டுபோய் நீட்டுங்கள். போவதற்கு முன் உள்ளே ஒன்றும் விட்டுக் கழுவாதீர்கள். கழுவிவிட்டால் சோதனையில் கிருமி சரியாகத் தெரியாமல் போகலாம்.