விஷத்தை வாங்குவோர் யார்?

சிறுசேரியில் சிப்காட் பூங்கா அமைந்தபின், விஞ்ஞான அறிவை மூலதனமாகக் கொண்டு தொழில் நடத்த விழையும் இளைஞர்கள் இப்பகுதியில் பெருகியுள்ளனர். அவர்களுக்கு உதவ முற்படும் பஞ்சாயத்து, சரக்கை வாங்குவோர் யார் என்பதை முதற்கண் விசாரித்தல் நலம். நம் திருப்போரூர் வட்டாரத்திலேயே, கடற்கரையோரமுள்ள வடநெம்மேலியில், இதற்கு நல்லதோர் உதாரணம் இருக்கிறது.

பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-இல் தடை செய்யப்படவே, அத்தொழிலை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் பானைகளில் வைத்து, விஷமெடுத்தபின் மீண்டும் வெளியில் விட்டுவிடுவர். அவ்விஷம் உலர்த்திப் பொடியாக்கப்படுகிறது. மருந்துக் கம்பெனிகள் அதனைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தைத் தயாரிக்கின்றன.

இச்சரக்கைச் சந்தையில் கூவி விற்க இயலாது. நாடு முழுவதிலும் வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்க கம்பெனிகளே. அவர்கள் ஓராண்டு கொள்முதலைக் குறைத்தால் வேறிடம் செல்ல வழியில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதையோ வனத்துறை வரையறுக்கிறது. அனுமதி தாமதித்தால், வாங்குவோர் இருந்தும் சரக்கு இராது.

நெல்லைப் போலக் கையிலெடுத்துப் பார்த்துத் தரமறியும் பொருளுமன்று இது. எந்தப் பாம்பு, எவ்வூர், என்றைக்கு எடுத்த விஷம் என்னும் பதிவேடுதான் வாங்குவோர்க்கு நம்பிக்கை தரும். பாம்புகளை நீண்டகாலம் வளர்த்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் குறிக்கும் முறையையே உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கிறது. மேலும், ஒரே இனப் பாம்பின் விஷமும் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் காட்டியுள்ளனர். செங்கற்பட்டுப் பாம்பின் விஷம் ராஜஸ்தானத்து உழவரைக் காக்கப் போதுமா என்று வாங்குவோர் கேட்டால் சங்கம் விடை கூற வேண்டும். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றனர். பெருமைதான், ஆயினும் விருதைப் பார்த்து எந்தக் கம்பெனியும் கூடுதலாக வாங்கிவிடாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமவாசிகள். மருந்து வேண்டுவோர் வயலில் இருக்க, விலை பேசுவோர் வேறெங்கோ இருக்கின்றனர். மருந்தின் விலைக்கு அரசு உச்சவரம்பு விதித்துள்ளது. அது மக்களுக்கு அவசியமே. எனினும், விஷத்துக்குக் கூடுதல் விலை தரக் கம்பெனிகள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

எனவே, கட்டிடம் கேட்டு வரும் இளைஞரிடம் கொள்முதல் செய்வோரின் கடிதம், உரிமம், பரிசோதனைச் சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். அத்துடன், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருப்பிலுள்ளது என்பதை அடுத்த கிராம சபையில் விசாரித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்.