அரபு நூலும் திருச்சி ஊழியமும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் 1766-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட கிறிஸ்து ஆலயம் சுவார்ட்ஸ் ஐயரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவருடைய திருச்சி ஊழியத்தை ஆதரித்தது எஸ்.பி.சி.கே. என்னும் இலண்டன் சங்கம் என்பதைத் திருச்சபை வரலாறு பயின்றோர் அறிவர். அதே சங்கம் அரபு மொழி பேசும் மக்களுக்காகவும் ஒரு கல்விப்பணியை மேற்கொண்டிருந்தது. இவ்விரு பணிகளையும் சேர்த்து நோக்கினால், மொழியாலும் மரபாலும் வேறுபட்ட மக்களோடு மெய்யான உறவு எவ்வாறு உண்டாகிறது என்பது விளங்கும்.

ஆங்கிலேயர் அரபு மொழியைக் கற்றது வெறும் ஆராய்ச்சி ஆவலால் மட்டுமன்று. வாணிபமும் அதற்குக் காரணமாயிருந்தது. கேம்பிரிட்ஜில் 1632-லும் ஆக்ஸ்போர்டில் 1636-லும் அரபுப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. ஆக்ஸ்போர்டின் முதல் அரபுப் பேராசிரியரான எட்வர்ட் போகாக், அதற்கு முன்பு அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்களின் குருவாக இருந்தவர். அந்நகரத்து இஸ்லாமிய அறிஞரிடம் மாணவராக அமர்ந்தே அவர் அம்மொழியில் தேர்ச்சி பெற்றார். இங்கே கற்பித்தவர் அரபியர். கற்றவர் ஆங்கிலக் குரு. இந்த ஒழுங்கை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

1698-இல் தோன்றிய எஸ்.பி.சி.கே., சிரியா, பாலஸ்தீனம், எகிப்து முதலிய நாடுகளில் வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்கென அரபு நூல்களை அச்சிட முன்வந்தது. டமாஸ்கஸ் நகரில் பிறந்த சாலமோன் நெக்ரி என்னும் கீழ்த்திசைக் கிறிஸ்தவ அறிஞர் அதற்குத் துணைநின்றார். 1725-இல் சங்கீதப் புத்தகமும் 1727-இல் புதிய ஏற்பாடும் இலண்டனில் வெளிவந்தன. புதிய ஏற்பாட்டில் மட்டும் ஏறக்குறைய 10,000 பிரதிகள் அச்சாயின. அரபியர் ஒருவரின் புலமையின்றி இது நிறைவேறியிராது. எனினும் இத்திட்டத்திற்கு ஓர் எல்லையும் இருந்தது. நூல்கள் இலண்டனிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றன. கீழ்த்திசைச் சபைகளின் செல்வத்தை ஆங்கிலேயருக்கு உணர்த்துவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. கொடுப்பது எளிது; பெற்றுக்கொள்ளும் மனத்தாழ்மையே அரிது.

இந்த அரபுப் பணிக்கும் நம் நாட்டு ஊழியத்திற்கும் தொடர்பு உண்டு. இச்சங்கம் அனுப்பிய அச்சியந்திரம் 1712-இல் தரங்கம்பாடியை அடைந்தது. தரங்கம்பாடி மிஷனெரிகளைப் பயிற்றுவித்தனுப்பிய ஹாலே நகரில், நெக்ரி முன்னர் அரபு கற்பித்திருந்தார். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் உழைத்த சூல்ட்சே ஐயரின் இந்துஸ்தானி இலக்கணம் 1745-இல் ஹாலேயில் வெளியாயிற்று. நாடு திரும்பியிருந்த அவரிடமே இளைஞரான சுவார்ட்ஸ் தமிழைக் கற்கத் தொடங்கினார்.

சுவார்ட்ஸ் 1750-இல் இந்தியா வந்து, 1762-இல் திருச்சியை அடைந்தார். அந்நகரம் அக்காலத்தில் ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. தமிழ் மட்டும் போதாதென்று கண்ட அவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றார். 1779-இல் சென்னை அரசின் தூதராக அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றபோது, ஐதர் அலி அவரை நம்பி வரவேற்றார். மறு ஆண்டே போர் மூண்டது, தூது பயனளிக்கவில்லை. ஆனால் தூதர்மீது இருந்த நம்பிக்கை அழியவில்லை. அரசியல் உடன்பாடுகள் முறியலாம். ஒரு மக்களின் மொழியை மதித்துக் கற்றவன் பெறும் நன்மதிப்பு எளிதில் முறிவதில்லை.

இன்றைய திருச்சியில் வாழும் நமக்கு இதன் பொருள் என்ன? காவிரியின் தென்கரையில் நத்தர்வலி தர்கா உள்ளது. வடகரையில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி இருக்கிறது. 1951-இல் நிறுவப்பட்ட ஜமால் முகமது கல்லூரியில் அரபு மொழி கற்பிக்கப்படுகிறது. அதே நகரில் பிஷப் ஹீபர் கல்லூரியும் உள்ளது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபு நம் அண்டை வீட்டாருடையது. நாம் அலெப்போவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை.

ஆயினும் நம் இறையியல் மாணவர் பலர் இஸ்லாத்தை நூல்களின் வாயிலாக, அதுவும் கிறிஸ்தவர் எழுதிய நூல்களின் வாயிலாகவே அறிகின்றனர். போகாக் ஓர் இஸ்லாமிய ஆசிரியரிடம் கற்றார். இலண்டன் சங்கம் டமாஸ்கஸ் அறிஞரைத் துணைக்கொண்டது. தம் அண்டை வீட்டாரைக் குறித்துப் பிரசங்கிக்கப் போகிறவர்கள், முதலில் அவர்களிடம் மாணவராக அமர வேண்டும். உறவுக்கென எத்தனை சங்கங்களை நிறுவினாலும், இந்த முதற்படியைத் தவிர்த்து அவை நிலைபெற மாட்டா.