நாயும் மலைக்காடும்

மனிதனோடு முதன்முதலில் தோழமை பூண்ட விலங்கு நாயே ஆகும். அவன் வேட்டைக்குச் சென்றபோது அது உடன் ஓடியது. ஆடு மேய்த்தபோது மந்தையைக் காத்தது. அவன் உறங்கியபோது விழித்திருந்தது. ஆதலின், மலைமேல் கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர் தம் நாயையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணுவது இயற்கையே. ஆயினும், உயர்ந்த மலைக்காடு நாய்க்கு ஏற்ற இடமா? நாய்தான் அக்காட்டிற்கு ஏற்ற விருந்தா? இவ்விரு வினாக்களையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

கோடை வந்ததும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளிலிருந்து பலர் உதகமண்டலத்திற்கும் கொடைக்கானலுக்கும் செல்வர். சென்னை கடலை ஒட்டிய நகரம். உதகமண்டலமோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும். எனவே, சென்னை வெயிலில் பழகிய நாய் ஒரே நாளில் ஏறக்குறைய 13 பாகை குளிர்ந்த இடத்தை அடைகின்றது. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டு நாய்களுக்கு மயிர் குட்டையானது. மார்கழி, தை மாதங்களில் அங்கு உறைபனி விழும். அவ்விரவுகளில் வெளியே கிடப்பது அவற்றிற்குப் பெருந்துன்பமாகும்.

குளிரினும் கொடியது சிறுத்தை. நாய் அதற்கு எளிதில் கிடைக்கும் இரை. மலையூர்களில் வீட்டு வாயிலிலிருந்தே நாயைச் சிறுத்தை கவ்விச் செல்வதுண்டு. ஆகவே, காவலுக்கென்று கூடாரத்தின் வெளியே கட்டப்பட்ட நாய் காவலாவதில்லை. சிறுத்தையை அருகே வரவழைக்கும் இரையாகிவிடுகின்றது.

நாய்க்கு வரும் இடர் இவ்வாறாக, நாயால் காட்டிற்கு வரும் இடரும் உண்டு. இதனை அறியச் சென்னை மக்கள் மலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. அடையாற்றின் அருகிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கின்றது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காட்டில் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. அதன் சுற்றுப்புறத்தில் தெருநாய்கள் மான்களைத் துரத்திக் கொன்றதுண்டு. கடிபடாது தப்பிய மானும் அச்சத்தாலும் களைப்பாலும் பின்னர் மடியக்கூடும். வீட்டில் குழந்தைகளோடு கொஞ்சி விளையாடும் நாயும், ஓடும் உயிரைக் கண்டால் துரத்தவே செய்யும். அது நாயின் குற்றமன்று, அதன் இயல்பு. நீலகிரியின் முக்குருத்திப் புல்வெளியில் வாழும் வரையாட்டுக் குட்டியை, அவ்வியல்பு தாயினின்று பிரித்துவிடக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படாத கேடு மற்றொன்று உண்டு, அது நோய். ஆப்பிரிக்காவில் எத்தியோப்பிய நாட்டுப் பேல் மலைகளில், 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஓர் அரிய ஓநாய் இனம் வாழ்கின்றது. உலகில் எஞ்சியுள்ளவை ஐந்நூறுக்கும் குறைவே. 2003-ஆம் ஆண்டில் வீட்டு நாய்களிடமிருந்து பரவிய வெறிநோயால், அங்கு ஒரு பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஓநாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாண்டது. 1994-இல் செரெங்கெட்டிக் காட்டில் டிஸ்டெம்பர் என்னும் நாய் நோய் பரவி ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்களை அழித்தது. நம் மலைகளில் வாழும் செந்நாயும் நாய்க் குடும்பத்தைச் சார்ந்ததே. அருகிவரும் அவ்வினத்திற்கும் இத்தகைய ஆபத்து நேரலாம்.

இக்கேடுகளைத் தடுக்கும் வழி எளிதே. வெறிநோய்த் தடுப்பு மருந்துக்காகவே குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. இன்று வெறிநோய்க்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசிகள் உள்ளன. மலைக்குப் புறப்படும் முன்னரே கால்நடை மருத்துவரைக் கலந்து அவற்றை நாய்க்குப் போடுதல் வேண்டும். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இசைவின்றி நுழைவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆதலால், நாயோடு தங்குவோர் காட்டெல்லைக்குப் புறம்பே, இசைவு பெற்ற இடத்திலேயே கூடாரம் அமைத்தல் வேண்டும். பகலில் நாயின் வாரைக் கையிலிருந்து விடலாகாது. இரவில் அதனைக் கூடாரத்துள், தரையின் ஈரம் ஏறாதபடி கம்பளம் விரித்துப் படுக்கவைத்தல் நலம். உணவு மிச்சத்தையும் நாயின் கழிவையும் அங்கே விட்டுவராமல் அகற்றுதல் வேண்டும்.

இவற்றைச் செய்ய இயலாதோர் நாயை ஊரிலேயே உற்றாரிடம் ஒப்படைத்துச் செல்வது நன்று. நாய்க்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாது. காட்டுயிர்களுக்கோ தம் குறையை எடுத்துரைக்க வாயில்லை. இரண்டிற்கும் சேர்த்து எண்ணிப் பார்க்க வல்லவன் மனிதன் ஒருவனே. ஆதலின் அப்பொறுப்பும் அவனையே சார்ந்ததாகும்.