முன்பாரமா, பின்பாரமா? இழுவைப் பெட்டி பூட்டுவோருக்குச் சில வார்த்தைகள்

தீவகத்துக்குப் போய்வந்த வாசகர்களுக்குப் பண்ணைத் தாம்போதியைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்ததும், இரு மருங்கும் ஆழமில்லாக் கடல் விரிந்து கிடக்க, நடுவே தெரு வேலணையை நோக்கி ஓடுகின்றது. வேலணையிலிருந்து ஒரு வழி ஊர்காவற்றுறைக்குப் போகும். மற்றொரு வழி மீண்டும் கடலைக் கடந்து புங்குடுதீவில் ஏறிக் குறிகட்டுவான் துறையில் முடியும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடற்பயணந்தான். ஆகவே தீவார் உண்ணும் அரிசியும், வீடு கட்டும் சீமெந்தும், கோடையில் மாடு தின்னும் வைக்கோலும் பெரும்பாலும் இத்தெருவழியே ஏதோவொரு வண்டியில் வந்து சேரவேண்டும். அன்று அது மாட்டு வண்டில். பின்னர் லொறியும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரமும், நம்மவர் லாண்ட்மாஸ்டர் என்று செல்லமாக அழைக்கும் இருசில்லு இயந்திரமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

நான் பாடசாலை மாணவனாயிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில், உழவு இயந்திரப் பெட்டியொன்றில் வைக்கோற் பொதியின் உச்சியில் அமர்ந்து இத்தாம்போதியைக் கடந்தேன். என்னுடன் ஏற்றிறக்கும் கூலியாள் ஒருவரும் இருந்தார். வைக்கோல் பெட்டியின் பின்விளிம்பையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கொழுக்கியிற் செருகியிருந்தது ஆணியே அன்று. எங்கோ பொறுக்கிய இரும்புக்கம்பித் துண்டு. தெருவிலிருந்த ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்து எழுந்தபோது பெட்டியின் மூக்கு மேலே துள்ளியது, கம்பி கழன்றது, சோழகக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நான் இடுப்பளவு நீரில் விழுந்து அழுதுகொண்டு எழுந்தேன். அந்தக் கூலியாள் கல்லணையில் விழுந்தார். அவருடைய கால் அதன்பின் நேராகவில்லை.

இச்சம்பவத்தை அண்மையில் நினைவூட்டியது ஒரு புகைப்படம். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் ஒன்றுவிட்ட தம்பி, தன்னுடன் வேலைசெய்யும் ஒருவரின் வாகனத்தைக் கைத்தொலைபேசியிற் காட்டினான். முன்னே பஸ் வண்டியளவில் ஒரு மோட்டார் வீடு. படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை யாவும் அதனுள் உண்டு. பின்னே நாற்புறமும் மூடிய, வீட்டுயரப் பெட்டி. அதற்குள் இரண்டு கார்கள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றனவாம். மோட்டார்ப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இப்படிக் குடும்பத்தோடு ஊரூராகச் செல்வார்களாம். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, வாழ்நாளெல்லாம் வண்டில் ஓட்டிய பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார்:

“தம்பி, இது முன்பாரமோ, பின்பாரமோ?”

அவன் விழித்தான். ஆனால் அக்கேள்விக்குள் இழுவைச் சாத்திரம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

வண்டில்காரன் மூட்டை அடுக்கும்போது நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பான். மிகக் கனத்தால் மாட்டின் கழுத்து நோகும். நுகம் மேலெழுந்தாலோ கழுத்துக் கயிறு இறுகும். சற்றே முன்பாரமாக இருப்பதே முறை. மோட்டாரால் இழுக்கும் பெட்டிக்கும் இதுவே விதி. வட அமெரிக்காவில் வண்டியின் பின்கொழுக்கியிற் பூட்டும் பெட்டிகளுக்கு, பாரத்துடன் கூடிய மொத்த எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு கொழுக்கியின்மேல் அமரவேண்டும் என்று சொல்கிறார்கள். 4,000 கிலோ எடையுள்ள பெட்டியானால் 400 முதல் 600 கிலோ என்க. இது குறைந்து பாரம் பின்னே போனால், வேகம் கூடக்கூடப் பெட்டி நாய் வாலாட்டுவதுபோல் ஆடத் தொடங்கும். மிகுந்தாலும் தீங்குதான். உழவு இயந்திரத்தின் முன்சில்லுகள் நிலத்தை விட்டு எழும்புவதை வயலிற் பலர் கண்டிருப்பீர்கள். மோட்டார் வீட்டிலும் கொழுக்கி பின்னச்சுக்கு வெகு தூரம் பின்னே இருப்பதால், கொழுக்கியை அமுக்கும் பாரம் நெம்புகோல்போல் முன்னச்சைத் தூக்குகின்றது. சுக்கான் கைக்கு இலேசாகிவிடும்.

முன்பாரத்தை அளப்பதும் பெரிய வித்தையன்று. இழுக்கும் வண்டியை மட்டும் எடைமேடையில் ஏற்றி நிறுக்க வேண்டும். பிறகு பாரமேற்றிய பெட்டியைப் பூட்டி, பெட்டியின் சில்லுகள் மேடைக்கு வெளியே நிற்க, வண்டியை மறுபடியும் நிறுக்க வேண்டும். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே முன்பாரம்.

பெட்டி தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் அதன் நீள அகலத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். முதலிற் பார்க்கவேண்டியது இழுக்கும் வண்டியின் தகட்டை. வண்டியும் பெட்டியும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடையில் வண்டியின் எடை, எண்ணெய், தண்ணீர், ஏறியிருக்கும் ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான் யாவும் போக எஞ்சுவதே பெட்டிக்கும் அதிலுள்ள பாரத்துக்கும் உரியது. கொழுக்கி, அதைத் தாங்கும் சட்டம், டயர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு; அவற்றுள் எது சிறியதோ அதுவே உங்கள் எல்லை. கொழுக்கி ஐயாயிரம் கிலோ தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதனால் வண்டியும் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது.

அடுக்குப் பெட்டிக்கு மற்றுமோர் இடர் உண்டு. பாரம் மேலே போகப் போகக் கவிழும் அச்சமும் ஏறுகின்றது. எனவே கனத்த கார் கீழே, இலேசானது மேலே. கீழ்த்தட்டு வெறுமையாயிருக்க மேல்தட்டில் மாத்திரம் பாரம் வைத்து ஓடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அன்றியும், பெட்டியை இழுக்கும் வண்டியோடு பூட்டிய பின்னரே பாரம் ஏற்ற வேண்டும். பூட்டாத பெட்டியின் வாலில் காரின் சில்லு ஏறினால் மூக்கு வானத்தை நோக்கும். சீமெந்து மூட்டையிலும் இதே கதைதான்.

காற்றைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டும். தீவகத்தில் வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் வீசும் காலம். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவும் அதற்குள் ஆனியில் வருகின்றது. தாம்போதியில் மரமுமில்லை, மதிலுமில்லை. 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள மூடிய பெட்டியின் பக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று நேரே மோதினால், நூறு கிலோவுக்கு மேற்பட்ட பலத்துடன் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் பலம் நான்கு மடங்காகும்; இரட்டிப்பதோடு நின்றுவிடாது. வெறும் பெட்டி பாரமேற்றியதைவிட எளிதிற் சாயும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வைக்கோற் பொதியும் காற்றுக்கு ஒரு பாய்மரந்தான். உச்சியிற் பிள்ளைகளை ஏற்றுவதை இனியேனும் விட்டுவிடுங்கள்.

கொழுக்கிக்குரிய ஆணியையும், ஆணி கழலாமலிருக்கும் பூட்டூசியையும் கம்பித் துண்டுக்கு மாற்றாதீர்கள், விலை அற்பம். இரண்டு சங்கிலிகளைக் கொழுக்கியின் கீழே குறுக்காக மாட்டவேண்டும். கொழுக்கி கழன்றாலும் பெட்டியின் மூக்கு நிலத்தைக் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். பெரிய மூடிய பெட்டிகளில், வண்டியை விட்டுப் பிரிந்தவுடன் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும் கயிறும் உண்டு. இங்கோ பெட்டிக்குப் பிரேக்கே இல்லாமல் ஓடுவதையும் நான் கண்டிருக்கிறேன். அது முன்வண்டியை முதுகிற் குத்தித் திருப்பிவிடும்.

லாண்ட்மாஸ்டர்காரருக்கு ஒரு தனி எச்சரிக்கை. சமதரையில் இடக்கைப் பிடியை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். துறைக்கு இறங்கும் சரிவிலோ பெட்டி பின்னிருந்து தள்ளுவதால், அதே பிடி வண்டியை வலப்பக்கம் திருப்பிவிடும்! புதிதாக ஓட்டுபவர் கடலுக்குள் இறங்குவது இப்படித்தான். சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொண்டு, அப்பிடிகளை அழுத்தாது கைப்பிடியைத் தள்ளியே திருப்பவேண்டும்.

விரைந்தோடும் வண்டியிற் பெட்டி ஆடத் தொடங்கினால், அவசரப்பட்டுப் பிரேக்கை மிதிப்பதும், ஓடித் தப்பலாமென்று வேகத்தைக் கூட்டுவதும் தவறு. சுக்கானை நேரே பிடித்து, வேகமிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பெட்டிக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். நின்றபின் பாரத்தை மாற்றி அடுக்காமல் மறுபடியும் புறப்படலாகாது.

தம்பி கனடாவுக்குத் திரும்பியதும் கூட்டாளியிடம் கேட்டு எழுதினான்: எடைமேடையில் நிறுத்தே ஓட்டுகிறாராம், நூற்றுக்குப் 12 பங்கு முன்பாரம். பெரியப்பா தலையசைத்துவிட்டு, “காத்துக்கு என்ன செய்யிறாராம்?” என்றார். அவர் ஓட்டிய காலத்தில் வண்டிலின் பின்தடியில் நீளச் சீலைத் துண்டொன்று கட்டியிருப்பார். அது தொங்கி ஆடினால் பயணம்; படபடவென்று நிமிர்ந்து நின்றால் வேலணைக் கரையிலேயே மாட்டை அவிழ்த்துவிட்டு, பொழுது சாயும்வரை தேநீர்க் கடையில் இருப்பார்.