விமானக் கட்டணமும் பயணியின் சிக்கனமும்

பெங்களூர் நகர இரயில் நிலையத்துக்கு அருகே, தமிழர் பலர் வாழும் ஒக்கலிபுரம் பகுதி அமைந்துள்ளது. அங்கிருந்து இரயில் நிலையத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆனால் விமான நிலையமோ தேவனஹள்ளியில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2008 மே மாதத்தில் கெம்பேகௌடா விமான நிலையம் திறக்கப்பட்டபோது, நகருக்குள் இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பொதுப் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. அன்று முதல், பெங்களூர்வாசி ஒருவரின் விமானச் செலவு என்பது பயணச் சீட்டில் அச்சிடப்பட்ட தொகை மட்டுமன்று; வீட்டு வாயிலிலிருந்து விமான வாயில் வரை ஆகும் செலவும் அதனுடன் சேர்ந்ததாகும்.

இச்செலவைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் சிக்கனம் பல வேளைகளில் வெறும் தோற்றமே. சென்னைக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரமே. ஆயினும் விமான நிலையம் சேர ஒன்றரை மணி, புறப்பாட்டுக்கு முன் ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் இறங்கி நகரை அடைய மேலும் சற்று நேரம் எனக் கூட்டினால், சதாப்தி விரைவு வண்டி எடுத்துக்கொள்ளும் ஐந்து மணி நேரத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2022 நவம்பரில் மைசூர்–பெங்களூர்–சென்னை வந்தே பாரத் வண்டி தொடங்கப்பட்டபின் அவ்வேறுபாடு மேலும் குறைந்துவிட்டது. ஒக்கலிபுரத்து மாணவர் ஒருவர் சென்னைக்கு விமானச் சீட்டு தேடுவதே முதல் தவறு எனலாம். டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ செல்வோரின் நிலை வேறு. டில்லி இரயில் பாதை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். இராஜதானி வண்டியிலும் ஒன்றரை நாளளவு பயணம் ஆகும். அங்கே விமானம் மிச்சப்படுத்தும் நேரத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு.

ஒரே விமானம், பல கட்டணங்கள்

அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து ஒரே உணவை (அல்லது ஒரே உணவின்மையை) பகிர்ந்துகொள்ளும் இரு பயணிகளில் ஒருவர் 3,000 ரூபாயும் மற்றவர் 9,000 ரூபாயும் செலுத்தியிருப்பது இன்று வியப்புக்குரியதன்று. இந்தியாவில் இது எப்போதும் இவ்வாறு இருக்கவில்லை. 1953ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டப்படி தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்ஸ் வசமும், வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியா வசமும் வந்தன. கட்டணம் தடத்துக்கு ஒன்றாக நிர்ணயிக்கப்பட்டது. சலுகைகளும் விதிப்படி வரையறுக்கப்பட்டவையே. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னர் தனியார் நிறுவனங்களுக்கு முழுமையாக வழி திறந்தது. இதற்கு முன்னோடியாக அமெரிக்காவில் 1978இல் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. முன்கூட்டியே வாங்குவோருக்குக் குறைந்த கட்டணம், கடைசி நேரத்தில் வருவோருக்கு உயர்ந்த கட்டணம் என்ற முறை அங்கேதான் கணிப்பொறியின் துணையுடன் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

அதன் தர்க்கத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தை ஒருமுறை இயக்க ஏழரை லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். அனைவருக்கும் 5,000 ரூபாய் என்று வைத்தால் 130 பேரே வருவர். வருமானம் ஆறரை லட்சம், நட்டம் ஒரு லட்சம். மீதமுள்ள 50 இருக்கைகளை 2,500 ரூபாய்க்கு, அந்த விலையில்தான் பறக்க இயலும் என்போருக்கு விற்றால் மேலும் ஒன்றேகால் லட்சம் கிட்டும். நட்டம் 25,000 ரூபாய் இலாபமாக மாறும். காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது. காய்கறிக் கடைக்காரர் மாலையில் விலையைக் குறைக்கிறார். விமான நிறுவனமோ காலையிலேயே குறைத்து, மாலையில் ஏற்றுகிறது. ஏனெனில் கடைசி நேரத்தில் வருபவர் பெரும்பாலும் அலுவல் நிமித்தம் செல்பவர் அல்லது அவசரத்தில் சிக்கியவர். இருவரும் விலை பார்க்கும் நிலையில் இல்லை.

இம்முறையின்கீழ் ஒரு விமானத்தின் இருக்கைகள் பல விலைப் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. கீழ்ப்பிரிவு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த பிரிவு திறக்கப்படும். இதே கோட்பாட்டை 2016 செப்டம்பரில் நம் இரயில்வேயும் இராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் புகுத்தியது. ஒவ்வொரு பத்து சதவீத இடமும் நிரம்பும்போது அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் உயர்ந்து, ஓர் உச்ச வரம்பில் நிற்கும் என்பது அதன் ஏற்பாடு. இரயில்வேயின் ஏணிக்குப் படிகள் தெரியும். விமான நிறுவனத்தின் ஏணியில் படிகள் மறைவானவை. விற்பனை மந்தமானால் கீழ்ப்படி மீண்டும் திறக்கப்படுவதும் உண்டு.

பெங்களூரில் ஒரு சோதனை

இந்தியாவில் குறைந்த கட்டண விமானச் சேவை பிறந்த ஊர் பெங்களூர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இராணுவத்தில் பணியாற்றி, பின்னர் வேளாண்மையில் ஈடுபட்டு, ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றையும் நடத்திய கேப்டன் ஜி.ஆர். கோபிநாத், 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கினார். பெங்களூரையும் ஹூப்ளியையும் இணைத்த சிறிய ஏ.டி.ஆர். விமானம் அதன் தொடக்கச் சேவைகளுள் ஒன்று. ஆர்.கே. லட்சுமணின் 'சாமானிய மனிதர்' அதன் சின்னமாக விளங்கினார். உணவு இல்லை, தண்ணீரும் விலைக்கே. முகவர்களின் தரகு குறையுமாறு கணினி வலையமைப்பு மூலமும் பெட்ரோல் நிலையங்கள் மூலமும் சீட்டு விற்கப்பட்டது. வரி தவிர ஒரு ரூபாய்க்கே சில இருக்கைகள் அளிக்கப்பட்டதைப் பலரும் வெறும் விளம்பரம் என எண்ணினர். விளம்பரந்தான், ஆயினும் அதில் மேற்கூறிய கணக்கும் ஒளிந்திருந்தது. முதன்முறையாக விமானத்தில் கால்வைத்த குடும்பங்கள் பல அதன் பயணிகளாக இருந்தன.

அச்சோதனையின் பிற்பகுதி அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. எரிபொருள் விலையும் போட்டியும் நெருக்க, நட்டம் பெருகியது. 2007இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொரு குழுமம் அதன் பங்குகளை வாங்கியது. மறு ஆண்டில் ஏர் டெக்கான் கிங்பிஷர் நிறுவனத்துடன் இணைந்து தன் பெயரை இழந்தது. கிங்பிஷரும் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்திற்று. ஆனால் 2005இலும் 2006இலும் தொடங்கிய ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ ஆகியவை அதே குறைந்த கட்டண வழியைப் பின்பற்றின. இலாபமீட்டாத கட்டணம் நெடுநாள் நிலைக்காது என்பதைப் பயணியும் உணர்தல் நலம். நிறுவனம் மூழ்கினால் முன்பணமாகக் கொடுத்த சீட்டும் அதனோடு மூழ்கக்கூடும்.

பயணி செய்யக்கூடியவை

பயணச் சீட்டின் விலையில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் மேல்வரி இருப்பின் அது, விமான நிலையப் பயனாளர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சாதாரண வகுப்புக்கு 5 சதவீதச் சரக்கு–சேவை வரி ஆகியவை அடங்கும். பெங்களூரில் நிலையக் கட்டணம் மட்டுமே சில நூறு ரூபாய். எனவே 'ஒரு ரூபாய் சீட்டு' எந்நாளும் ஒரு ரூபாய் அன்று. நிறுவனங்களை ஒப்பிடும்போது இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும். இருக்கைத் தேர்வு, பயணக் காப்பீடு, உணவு போன்றவை தாமாகவே சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது அவசியம். இருக்கை எண்ணுக்குப் பணம் கட்டாவிட்டாலும் ஓர் இருக்கை தரப்படும் என்பதைப் பலர் அறியார். உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண வகுப்பினருக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதி. நிலையத்தில் எடை கூடியபின் செலுத்தும் தொகை, முன்பதிவில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட அதிகம்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பன போன்ற நம்பிக்கைகள் உலவுகின்றன. இவற்றை ஒரு விதியாகக் கொள்ள ஆதாரமில்லை. வாங்கும் நாளைவிடப் பறக்கும் நாளே முக்கியம். பெங்களூரில் வெள்ளி மாலையும் ஞாயிறு இரவும் விலை உயர்ந்த வேளைகள். வார நடுவின் பிற்பகல் மலிவானது. தசரா, தீபாவளி, பொங்கல் ஆகியவற்றுக்கு மட்டும் 'பொறுத்திருந்தால் குறையும்' என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்க்கும். உள்நாட்டுத் தடங்களில் போக ஒரு நிறுவனம், வர மற்றொன்று எனத் தனித்தனியே வாங்குவது சிக்கனமாகலாம். வெளிநாட்டுத் தடங்களிலோ இருவழிச் சீட்டே பல வேளைகளில் இலாபகரமானது. ஆனால் முதற்பகுதியில் பயணம் செய்யாவிட்டால் மீதிப் பகுதி இரத்தாகிவிடும். சிங்கப்பூர், கோலாலம்பூர் செல்வோர் சென்னை, திருச்சி புறப்பாடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்நகரங்களை அடையும் இரயில் கட்டணத்தை அக்கணக்கில் சேர்க்க மறக்கலாகாது. மாணவர்களுக்குச் சில நிறுவனங்கள் அடையாள அட்டையின் பேரில் சலுகையோ கூடுதல் எடையோ அளிக்கின்றன.

சீட்டை இரத்து செய்யும்போது இழப்பது பலருக்கு எதிர்பாராத அதிர்ச்சியாகிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, இரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் மேல்வரியும் சேர்ந்த தொகையை மீறக்கூடாது. 'பணம் திரும்பாது' என்று குறிக்கப்பட்ட சீட்டாயினும் வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். பயண நாள் மிக அண்மையில் இல்லாத சீட்டுகளை, வாங்கியபின் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் தண்டமின்றி மாற்றவோ விலக்கவோ வழி செய்யப்பட்டுள்ளது. கேளாதவருக்கு இத்தொகைகள் கிட்டாமற்போவதுண்டு.

அரசு ஊழியர்க்குச் சிக்கனம் விருப்பமன்று, விதி. மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2022 ஜூனில் வெளியிட்ட ஆணைப்படி, அலுவல் பயணத்துக்கும் விடுப்புப் பயணச் சலுகைக்கும் குறைந்தது 21 நாட்களுக்கு முன்னரே சீட்டு பெற முயல வேண்டும். தமக்கு உரிய வகுப்பில், மூன்று மணி நேர இடைவெளிக்குள் கிடைக்கும் மிகக் குறைந்த கட்டணத்தைத் தெரிவு செய்ய வேண்டும். புறப்பாட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்வோர் காரணம் கூற வேண்டும். கூட்டத்தின் தேதியைக் கடைசி வாரத்தில் மாற்றும் அலுவலகம், இந்த ஆணையின் பயனைத் தானே அழிக்கிறது.

அரசின் கை

பயணியின் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. விமான நிறுவனத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்களவு எரிபொருளுக்கே செல்கிறது. அவ்வெரிபொருள் சரக்கு–சேவை வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. மத்திய ஆயத்தீர்வையுடன் மாநில விற்பனை வரியும் அதன்மேல் விழுகிறது. சில மாநிலங்களில் அவ்வரி 5 சதவீதத்துக்கும் குறைவு. வேறு சிலவற்றில் 20 சதவீதத்துக்கும் மேல். எந்த நிலையத்தில் எரிபொருள் நிரப்புவது என்பதே நிறுவனங்களுக்கு ஒரு கணக்காகிவிட்டது.

கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்பது பொது விதி. நெருக்கடிகளில் அரசு தலையிட்டதுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்டு இறுதி வரை, பறக்கும் நேரத்தின் அடிப்படையில் மேல் வரம்பும் கீழ் வரம்பும் விதிக்கப்பட்டன. 2025 டிசம்பரில் இண்டிகோ சேவைகள் பெருமளவில் இரத்தானபோது கட்டணங்கள் தாறுமாறாக ஏறவே, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் எனத் தொடங்கித் தூரத்துக்கேற்பத் தற்காலிக உச்ச வரம்பு அறிவிக்கப்பட்டது.

சிறு நகரங்களுக்கெனத் தீட்டப்பட்ட 'உடான்' திட்டம் வேறு வகையானது. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் சிம்லா–டில்லி சேவையுடன் தொடங்கிய இத்திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் எனக் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு வரம்பு வைக்கப்பட்டது. நிறுவனத்தின் இழப்பை ஈடுசெய்ய, பெரிய தடங்களின் விமானங்கள்மீது ஒரு தீர்வை வசூலிக்கப்படுகிறது. அதாவது பெங்களூர்–டில்லிப் பயணி ஒருவர், சேலத்துக்கோ பீதருக்கோ செல்லும் பயணிக்குச் சிறிது உதவுகிறார். கருத்து நன்று, நடைமுறை கடினம். கணக்கு மற்றும் தணிக்கைத் தலைமை அதிகாரியின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒப்படைக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. மூன்றாண்டுச் சலுகைக் காலம் முடிந்தபின்னும் 2023 மார்ச்சு வரை தொடர்ந்தவை 54 மட்டுமே.

இம்முறை முழுவதிலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. மூன்று வாரம் முன்னதாகத் தம் பயணத்தை அறிந்தவர் குறைவாகச் செலுத்துகிறார். ஊரில் தந்தைக்கு உடல்நலமில்லை என்று நள்ளிரவில் செய்தி பெற்றவர் மிக அதிகமாகச் செலுத்துகிறார். முன்னவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். பின்னவர் கட்டுமானத் தொழிலாளியாகவும் இருக்கலாம். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ பெங்களூர் வந்து உழைப்பவருக்கு அந்த இரவில் மாற்று வழியாக இருப்பது, இரயில் வண்டியின் முன்பதிவற்ற பெட்டியே. பிரதான தடங்களில் ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளை மருத்துவ, மரண அவசரங்களுக்கென நடுத்தர விலையில் ஒதுக்குவது, 'உடான்' இருக்கைகளை ஒதுக்கும் ஏற்பாட்டைவிடக் கடினமானதாக இராது. அதற்கான சான்றைச் சரிபார்ப்பதே சிக்கலான பகுதி. மருத்துவமனைச் சீட்டோ ஊராட்சிச் சான்றோ பயணத்துக்குப் பின் ஒப்படைக்கப்பட்டால் கட்டண வேறுபாட்டைத் திருப்பித் தரும் முறையை முதலில் ஓரிரு தடங்களில் செய்து பார்க்கலாம்.