மலைநாட்டு ஈரமும் பைண்டர் கிளிப்பும்

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் எந்தப் பொருளும் முழுதாகக் காய்ந்து கிடக்காது. பால்மா கட்டிபடும். தேயிலைத் தூள் மணம் இழக்கும். அலுமாரிக்குள் வைத்த பத்திரங்களில் பூஞ்சணம் படரும். இந்தத் தொல்லைகளைக் குறைக்க, ஆபீஸ் மேசையில் கிடக்கும் கறுப்பு நிற பைண்டர் கிளிப் நன்றாகவே உதவும்.

வாஷிங்டனைச் சேர்ந்த லூயி பால்ட்ஸ்லி 1915இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எழுத்தாளரான தந்தையின் கையெழுத்துப் படிகளை ஒழுங்காக வைக்கவே இதை உருவாக்கினார் என்பர். அதுவரை தாள்களைத் துளைத்து நூலால் கட்டுவார்கள்; இடையில் ஒரு தாளைச் சேர்க்கக் கட்டு முழுவதையும் அவிழ்க்க வேண்டியிருந்தது.

கிளிப்பின் உடல், முக்கோணமாக மடித்த உருக்குத் தகடு. வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் மீள்தன்மை கொண்டது. வெறும் விரலால் அதன் வாயைப் பிளப்பது கடினம். அதனால்தான் இரண்டு கம்பிக் கைப்பிடிகள். பாடசாலையில் படிக்கும் நெம்புதான் இது: பின்பக்க மூலை பொறுதி, கைப்பிடி நுனியில் எத்தனம், வாய் விளிம்பில் சுமை. கைப்பிடி நீளமாக இருப்பதால் சிறு எத்தனமே போதும். விட்டவுடன், பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும் தகட்டின் விசை இடைவிடாத பிடியாகிறது. பெட்டியில் 19, 25, 32, 51 என்று போட்டிருப்பது கிளிப்பின் அகலம், மில்லிமீற்றரில்.

தோட்டத்து ஸ்டோரில் உலர்த்தி முடித்த தேயிலையில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே எஞ்சும். அவ்வளவு காய்ந்த தூள் காற்றிலுள்ள நீராவியையும், பக்கத்திலிருக்கும் கருவாடு, மண்ணெண்ணெய் வாடையையும் விரைவில் இழுத்துக்கொள்ளும். பால்மாவிலுள்ள லக்டோஸ் சீனியும் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துத் துகள்களை ஒட்டவைக்கிறது. 400 கிராம் பக்கெற்றை வெட்டியதும் உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இரண்டு மூன்று முறை இறுக மடித்துக் கிளிப் போடுங்கள். மடிப்பு கூடக் கூட நீராவி நுழையும் வழி நீளும். கிளிப்பின் பிடி அதன் அகலம் வரைதான் என்பதால் அகலமான பக்கெற்றுக்கு இரண்டு தேவை.

மேசை விளிம்பில் ஒரு கிளிப்பைக் கவ்வவிட்டு, அதன் கைப்பிடி வளையத்தினூடாகப் போன் சார்ஜர் வயரைச் செருகினால் வயர் கீழே விழாது. தீர்ந்துவரும் பற்பசைக் குழாயைச் சுருட்டிப் பிடிக்கவும் உதவும். ஆனால் காஸ் குழாயை இறுக்கவோ, பிய்ந்த மின்கம்பியைப் பிடிக்கவோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, உயிராபத்து.

கிளிப்பும் உருக்குத்தான். கீறி வண்ணம் போன இடத்தில் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து துருவை உண்டாக்கும். அந்தக் கறை தாளில் இறங்கும். முக்கிய பத்திரங்களுக்குக் கிளிப் போடும்போது மேலும் கீழும் தடித்த மட்டைத்துண்டு வையுங்கள்.

மலையகத் தமிழருக்குப் பத்திரத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. பத்திரங்களைக் காக்க இன்னொரு காரணம் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. எச்சரிக்கை வந்து வெளியேறும்போது அலுமாரியைக் கிளறிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

ஆகவே பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் இன்றே ஒரே கட்டாக்குங்கள். தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு, வாயைச் சுருட்டி, இரண்டு பெரிய கிளிப் போட்டு, வாசலுக்கு அருகே கையெட்டும் உயரத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அந்த இடத்தைச் சொல்லிவையுங்கள்.